கிட்டங்கிச் சாவியும் கம்ப்யூட்டர் சாவியும்



இரவு கடை சாத்தும்போது பூட்டை இரண்டு தடவை இழுத்துப் பார்க்காதவர் நம்மில் யார்? பாதி வழி போன பிறகு சந்தேகம் வந்து, திரும்பி வந்து மூன்றாம் தடவை இழுத்துப் பார்த்தவர்களும் உண்டு. கிட்டங்கிச் சாவி யாரிடம் இருக்கிறது, கல்லாப்பெட்டிச் சாவி யாரிடம் இருக்கிறது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வோம். ஆனால் சரக்கு இருப்பு, ஊரெல்லாம் நிற்கும் பாக்கி, ஜி.எஸ்.டி. கணக்கு, வங்கி விவரம் ஆகிய அத்தனையும் அடங்கிய கம்ப்யூட்டரின் சாவி யாரிடம் இருக்கிறது என்று கேட்டால் நம்மில் எத்தனை பேரால் பதில் சொல்ல முடியும்? "அதெல்லாம் சிஸ்டம் போட்டுக் கொடுத்த தம்பிக்குத்தான் தெரியும்" என்பதுதான் பெரும்பாலோர் பதில். சில ஆண்டுகளுக்கு முன்பு வரை நமது பதிலும் அதுவாகவே இருந்தது.

பள்ளி இறுதி வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு, 1977-ல் மதுரை கீழமாசி வீதியில் தகப்பனாரின் பருப்பு, வத்தல் மொத்தக் கடையில் வந்து உட்கார்ந்தோம். கம்ப்யூட்டரைப் பற்றி எழுத நமக்கு என்ன தகுதி என்று கேட்கலாம். படித்த தகுதி இல்லை. பட்ட தகுதி உண்டு. அதைச் சொல்லவே இந்தக் கட்டுரை.

பதினோரு நாட்கள்

2019 ஆடி மாதம். நம் கடையில் ஒரு சர்வர், அதோடு இணைந்த ஐந்து கம்ப்யூட்டர்கள். பில் போடும் இடத்தில் இரண்டு, கணக்குப்பிள்ளையிடம் ஒன்று, கிட்டங்கியில் ஒன்று, நம் மேசையில் ஒன்று. ஐந்திலும் உள்ளே போகும் பெயர் ஒன்றே: அட்மின். பாஸ்வேர்டும் ஒன்றே: கடைப் பெயரோடு ஒன்று, இரண்டு, மூன்று. போட்டுக் கொடுத்தவர் அப்படிப் போட்டுக் கொடுத்தார். யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை என்பதால் நமக்கும் அது வசதியாகவே இருந்தது.

ஒரு நாள் சரக்கு இருப்பு எடுத்தபோது துவரம் பருப்பில் ஐந்து மூட்டை குறைந்தது. இருபதாயிரம் ரூபாய்க்கு மேல் பெறும் சரக்கு. கிட்டங்கிக்காரரைக் கேட்டோம். "பில் சீட்டு வந்துச்சு, நான் ஏத்தி விட்டேன் அண்ணாச்சி. சீட்டு இல்லாம ஒரு மூட்டை நகராது" என்றார். யாருக்கு ஏற்றினோம் என்பது அவருக்கு நினைவில்லை. கம்ப்யூட்டரில் அப்படி ஒரு பில்லே இல்லை. கம்ப்யூட்டர் வந்த பிறகு சீட்டுகளை எடுத்து வைக்கும் பழக்கத்தை நாம்தான் நிறுத்தியிருந்தோம்.

அப்படியானால் பில்லைப் போட்டு, சரக்கை ஏற்றி, பிறகு பில்லை யாரோ அழித்திருக்க வேண்டும். கணக்குக் கோப்பு கடைசியாக மாற்றப்பட்டது ஓர் இரவு 9 மணி 40 நிமிடத்துக்கு. மாற்றியவர் பெயர்: அட்மின். அந்த நேரத்துக்குக் கடையில் இருக்கக்கூடியவர் ஒருவர்தான். இருபத்து மூன்று ஆண்டுகளாக நம்மிடம் இருக்கும் கணக்குப்பிள்ளை.

நாம் அவரைத் திருடன் என்று சொல்லவில்லை. ஆனால் கேட்ட விதம் அப்படித்தான் இருந்தது. அவர் கோபப்படவில்லை. கடைச் சாவியை எடுத்து மேசையில் வைத்தார். "அண்ணாச்சி, என் பேரும் அட்மின், பில் போடுற தம்பி பேரும் அட்மின், உங்க பேரும் அட்மின். நான் செய்யலேன்னு நான் எதைக் காட்டிச் சொல்லுவேன்?" என்றார். மறுநாள் அவர் கடைக்கு வரவில்லை.

பதினோராம் நாள் உசிலம்பட்டிப் பக்கத்துச் சில்லறை வியாபாரி ஒருவர் பாக்கி கட்ட வந்தார். கையில் ஐந்து மூட்டைத் துவரம் பருப்புக்கான பில். நம் கடை பில்தான். அந்த எண்ணைக் கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்தால் வேறு ஒருவர் பெயரில், வேறு சரக்குக்கு, அடுத்த நாள் தேதியில் பில் வந்தது. ஒரே எண்ணில் இரண்டு பில்கள்!

பி.காம். முடித்துவிட்டுக் கடைக்கு வந்துகொண்டிருந்த நம் தம்பி மகள் சர்வர் முன்னால் உட்கார்ந்தாள். கணக்கு சாப்ட்வேரைத் திறக்கவில்லை. அதற்கு அடியில் ஓடும் விண்டோஸ் தானாகவே எழுதி வைக்கும் நிகழ்வுப் பதிவைத் திறந்தாள். அந்த இரவு 9.40-க்குச் சற்று முன்பு, கடைக்கு வெளியிலிருந்து இன்டர்நெட் வழியாக ஒருவர் 'அட்மின்' என்ற பெயரில் உள்ளே வந்திருக்கிறார். எந்த இணைப்பிலிருந்து வந்தார் என்பதும் பதிவாகியிருந்தது.

சிஸ்டம் போட்டுக் கொடுத்த தம்பியைக் கேட்டோம். மறைக்காமல் சொன்னார். அன்று சாத்துகிற நேரத்தில் கம்ப்யூட்டர் நின்றுபோயிருக்கிறது. பில் போடும் பையன் வழக்கம்போல அவருக்குப் போன் செய்திருக்கிறான். அவர் வீட்டிலிருந்தபடியே உள்ளே நுழைந்து, அடிபட்டிருந்த கோப்பை நீக்கிவிட்டு, மாலை 7 மணிக்கு எடுத்த பேக்கப்பைப் போட்டுவிட்டார். 7 மணிக்குப் பிறகு அன்று போட்டது ஒரே ஒரு கடன் பில். அது போய்விட்டது. காலையில் சிஸ்டம் ஓடியதும் பையன் மறந்துவிட்டான்; அவரும் சொல்ல மறந்துவிட்டார். திருட்டும் இல்லை, துரோகமும் இல்லை.

அன்று மாலையே கணக்குப்பிள்ளை வீட்டுக்குப் போய் அழைத்து வந்தோம். பெரிய மனது, வந்துவிட்டார். உசிலம்பட்டிக்காரர் நேர்மையானவராக இல்லாமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இன்றைக்கும் நமக்குத் தூக்கம் வராது.

நாம் சொல்ல வந்தது இதுதான். ஒவ்வொருவருக்கும் தனிப் பெயர், தனிப் பாஸ்வேர்டு, தனி அளவு உரிமை என்று வைப்பது வேலையாட்கள் மேல் நம்பிக்கையில்லாத முதலாளி செய்கிற காரியம் என்று பலரும் நினைக்கிறோம். உண்மை நேர்மாறானது. அது நல்லவர்களைச் சந்தேகத்திலிருந்து காப்பாற்றுகிற ஏற்பாடு. அந்த ஏற்பாட்டைச் செய்யவும் கண்காணிக்கவும் முதலாளியாகிய நாமே கற்றுக்கொள்ள வேண்டும்.

எழுபத்தைந்து சென்ட்

கணக்கில் சிறிய பிசகு, அதன் பின்னால் பெரிய சங்கதி என்பது நமக்குப் புதிதல்ல. கம்ப்யூட்டர் உலகிலும் அப்படி ஒன்று நடந்திருக்கிறது.

அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடம் என்று ஒன்று இருக்கிறது. 1986-ல் அங்கே பல பேர் ஒரே பெரிய கம்ப்யூட்டரைப் பகிர்ந்து பயன்படுத்தினார்கள். யார் எவ்வளவு நேரம் பயன்படுத்தினாரோ அதற்கு ஏற்பக் கட்டணம். அந்தக் கணக்கு 75 சென்ட் இடித்தது. அதாவது முக்கால் டாலர். கிளிஃப் ஸ்டோல் என்பவரிடம் அதைச் சரிபார்க்கச் சொன்னார்கள். அவர் போலீசும் அல்ல, பாதுகாப்பு நிபுணரும் அல்ல, வானியல் படித்தவர். முக்கால் டாலர்தானே என்று அவர் தள்ளியிருந்தால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அவர் தள்ளவில்லை. ஐந்தொகையில் நாலணா இடித்தாலும் விடிய விடியத் தேடுகிற பழைய கணக்குப்பிள்ளை மாதிரி தேடினார்.

கட்டணம் அனுப்ப முகவரியே இல்லாத ஒரு பெயரில் யாரோ சில விநாடிகள் கம்ப்யூட்டரைப் பயன்படுத்தியது தெரிய வந்தது. உள்ளே வந்தவர், ஒரு சாப்ட்வேரில் இருந்த ஓட்டை வழியாக அந்தக் கம்ப்யூட்டரின் தலைமை அதிகாரத்தையே எடுத்துக்கொண்டிருந்தார். ஸ்டோல் அவரை உடனே விரட்டவில்லை. வெளியிலிருந்து வரும் இணைப்புகளில் பிரிண்டர்களை மாட்டி, அவர் தட்டிய ஒவ்வொரு எழுத்தையும் காகிதத்தில் அச்சிட வைத்தார். தினமும் ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதி வைத்தார். மாதக்கணக்கில் தொடர்ந்ததில், அந்த ஆள் மேற்கு ஜெர்மனியின் ஹனோவர் நகரத்திலிருந்து வருவது தெரிந்தது. பெயர் மார்க்கஸ் ஹெஸ். அமெரிக்க ராணுவக் கம்ப்யூட்டர்களில் புகுந்து எடுத்த தகவல்களைச் சோவியத் உளவு நிறுவனமான கே.ஜி.பி.க்கு விற்ற கூட்டத்தைச் சேர்ந்தவர். 1990-ல் நீதிமன்றம் தண்டித்தது. ஸ்டோல் இந்த அனுபவத்தை 1989-ல் புத்தகமாகவே எழுதினார்.

ஹெஸ் பல இடங்களில் எப்படி நுழைந்தார் தெரியுமா? பெரிய மந்திரம் ஒன்றுமில்லை. கம்பெனி கம்ப்யூட்டரை விற்கும்போது போட்டுக் கொடுத்த பெயரையும் பாஸ்வேர்டையும் வாங்கியவர்கள் மாற்றாமல் அப்படியே வைத்திருந்தார்கள். அதைத் தட்டிப் பார்த்தார், கதவு திறந்தது. நமது 'அட்மின், ஒன்று இரண்டு மூன்று' கதைக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

பலர் புழங்கும் வீடு

ஒருவர் மட்டும் இருக்கும் அறைக்கும் பத்துப் பேர் புழங்கும் கூட்டுக் குடும்பத்துக்கும் ஒரே ஏற்பாடு போதாது. கம்ப்யூட்டரிலும் அப்படித்தான். ஆபரேட்டிங் சிஸ்டம் என்பது கடையின் கட்டடம், கதவு, பூட்டு மாதிரி. கணக்கு சாப்ட்வேர் அந்தக் கட்டடத்துக்குள் இருக்கும் மேசை மட்டும்தான். மேசை டிராயருக்குப் பூட்டுப் போட்டுவிட்டுத் தெருக் கதவைத் திறந்து வைத்தால், மேசையோடு தூக்கிக்கொண்டு போவான். கணக்கு சாப்ட்வேரில் பாஸ்வேர்டு வைத்திருக்கிறோம் என்று திருப்திப்படுகிறவர்கள், அந்தக் கணக்குக் கோப்பு இருக்கும் இடத்தை விண்டோஸில் யார் வேண்டுமானாலும் அழிக்க முடியுமா என்று ஒரு தடவை பார்க்க வேண்டும்.

பலர் ஒரே கம்ப்யூட்டரைப் பகிர்கிற முறை 1960-களில் வளர்ந்தது. அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்வி நிறுவனத்தில் பெர்னாண்டோ கோர்பட்டோ என்பவர் தலைமையில் 1961-ல் அப்படி ஒரு முறையைச் செய்து காட்டினார்கள். ஆளுக்கு ஒரு பாஸ்வேர்டு என்ற வழக்கம் அங்கே வந்தது. வந்த வேகத்திலேயே சந்தி சிரித்தது. ஒரு நாள் நிர்வாகிகள் இருவர் ஒரே நேரத்தில் வேலை செய்தார்கள். ஒருவர் பாஸ்வேர்டு பட்டியலையும் மற்றவர் தினசரி அறிவிப்பையும் திருத்திக்கொண்டிருக்க, இரண்டு கோப்புகளும் இடம் மாறிவிட்டன. அன்று உள்ளே வந்த ஒவ்வொருவருக்கும் அறிவிப்புக்குப் பதிலாக எல்லாருடைய பாஸ்வேர்டும் திரையில் வந்தது! நிர்வாகம் என்பது கவனம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

1969-ல் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சன், டென்னிஸ் ரிட்சி ஆகியோர் யூனிக்ஸ் என்ற ஆபரேட்டிங் சிஸ்டத்தைத் தொடங்கினார்கள். அதில் உள்ள ஏற்பாடு நமக்கு எளிதில் விளங்கும். ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு சொந்தக்காரர், ஒரு குழு, மற்றவர்கள் என்று மூன்று வகை ஆட்கள். படிக்கலாம், எழுதலாம், இயக்கலாம் என்று மூன்று வகை உரிமைகள். யாருக்கு எது என்று எழுதி வைத்துவிட்டால் தீர்ந்தது. எல்லாவற்றுக்கும் மேலே 'ரூட்' என்ற ஒருவர். அவருக்குத் தடையே கிடையாது. எதையும் பார்ப்பார், எதையும் அழிப்பார். ஆகவேதான் அந்தப் பெயரில் அன்றாட வேலை செய்யக் கூடாது என்பது முதல் பாடம். இரும்புப் பெட்டிச் சாவியைக் கல்லாவின் மேலே தொங்க விடுவோமா?

பாஸ்வேர்டைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ராபர்ட் மோரிஸும் கென் தாம்சனும் 1979-ல் வெளியிட்ட ஆய்வில், மக்கள் வைத்திருந்த 3,289 பாஸ்வேர்டுகளைப் பார்த்தார்கள். அவற்றில் 86 சதவீதம் எளிதில் கண்டுபிடிக்கக் கூடியவை. மிகச் சிறியவை, பெயர்கள், அகராதிச் சொற்கள் என்று இருந்தன. நாற்பது ஆண்டு கழித்து நாமும் கடைப் பெயரைத்தான் வைத்திருந்தோம்.

அறுபது வயதில் பாடம்

"இந்த வயதில் கற்றுக்கொள்ள முடியுமா?" என்று நாமும் தயங்கினோம். தம்பி மகள்தான் விடவில்லை. "பெரியப்பா, கடையிலே எப்படிக் கத்துக்கிட்டீங்க? முதல்ல மூட்டை தைச்சு, அப்புறம் எடை போட்டு, அப்புறம்தானே கல்லாவுக்கு வந்தீங்க? இதுவும் அப்படித்தான்" என்றாள்.

புதிய கம்ப்யூட்டர் எதுவும் வாங்கவில்லை. மூலையில் தூசி படிந்து கிடந்த பழைய கம்ப்யூட்டரைத் துடைத்து எடுத்தோம். அதில் லினக்ஸ் போட்டாள். 1991-ல் பின்லாந்து நாட்டு மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய யூனிக்ஸ் வழி ஆபரேட்டிங் சிஸ்டம் அது. விலை கிடையாது. கடைக் கணக்கு அதில் இல்லை என்பதால் உடைந்தால் கவலையும் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை தோறும் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தோம்.

முதல் ஞாயிறு: முதலாளி, கணக்கு, பில் என்று மூன்று ஆட்களை உருவாக்கினோம். 'கணக்கு' ஆளின் கோப்பைப் 'பில்' ஆள் திறக்கப் போனால் "அனுமதி இல்லை" என்று வந்தது. பிள்ளை முதல் எழுத்து எழுதியது போல நமக்குச் சந்தோஷம்.

இரண்டாம் ஞாயிறு: பதிவேடுகளைப் படித்தோம். யார், எந்த நேரத்தில், எந்த இடத்திலிருந்து உள்ளே வந்தார், எத்தனை தடவை தவறான பாஸ்வேர்டு தட்டினார் என்று கம்ப்யூட்டர் தானே எழுதி வைத்திருக்கிறது. பேரேடு படிக்கத் தெரிந்த நமக்கு இது கஷ்டமே இல்லை. பதினோரு நாள் நாம் தேடிய பதில், தினமும் நம் கடைக்குள்ளேயே எழுதப்பட்டுக் கொண்டிருந்தது!

மூன்றாம் ஞாயிறு: "ரூட் பாஸ்வேர்டு மறந்துபோச்சு என்று வைத்துக்கொள்ளுங்கள்" என்றாள். கம்ப்யூட்டரை அணைத்து, மறுபடி தொடங்கும்போது சில விசைகளைத் தட்டிப் புதிய பாஸ்வேர்டே போட்டுக் காட்டினாள். நமக்குத் தூக்கிவாரிப் போட்டது. வட்டில் உள்ளதைச் சங்கேதமாக்கிப் பூட்டி வைக்காவிட்டால், கம்ப்யூட்டர் முன்னால் தனியாக உட்கார முடிந்தவனுக்குப் பாஸ்வேர்டு பெரிய தடை இல்லை. பில் மேசைக்கு அடியில் கிடந்த நம் சர்வர், மறுநாளே பூட்டுள்ள அறைக்குப் போனது.

நான்காம் ஞாயிறுதான் பெரிய பாடம். கடைக் கணக்கின் பேக்கப்பைப் பழைய கம்ப்யூட்டரில் போட்டுத் திறந்து பார்ப்போம் என்றாள். திறக்கவில்லை. பேக்கப் எடுப்பதாக நினைத்துக்கொண்டிருந்த டிஸ்க் மூன்று மாதமாக நிறைந்து கிடந்தது; புதிதாக எதுவும் ஏறவில்லை. யாரும் பார்க்கவில்லை. திறந்து பார்க்காத பேக்கப், எண்ணிப் பார்க்காத நோட்டுக் கட்டு மாதிரி.

இவ்வளவுதான். இதற்கு மேல் நாம் நிபுணர் ஆகிவிடவில்லை. ஆனால் இப்போது சிஸ்டம் பார்க்க வருகிறவர் என்ன செய்கிறார் என்பது நமக்குப் புரிகிறது. கேள்வி கேட்க முடிகிறது. நமக்கு எலக்ட்ரானிக் தராசு செய்யத் தெரியாது. எடை சரியா என்று பார்க்கத் தெரியும். அதுபோலத்தான்.

கடையில் செய்ய வேண்டியவை

விண்டோஸ் ஆனாலும் லினக்ஸ் ஆனாலும் விதிகள் ஒன்றே. நம் கடையில் கடைப்பிடிப்பவற்றைச் சொல்கிறோம்.

ஒன்று: ஆளுக்கு ஒரு பெயர். வேலையை விட்டுப் போகிறவரின் பெயரை அன்று மாலையே நிறுத்திவிட வேண்டும். போகிறவருக்கும் அது நல்லது. பிறகு என்ன நடந்தாலும் அவர் தலையில் விழாது.

இரண்டு: அவரவர் வேலைக்கு வேண்டிய உரிமை மட்டும். பில் போடுகிறவர் பழைய பில்லை அழிக்க வேண்டிய அவசியம் இல்லை. வங்கியில் ஒருவர் பதிவு செய்ய, இன்னொருவர் ஒப்புதல் கொடுப்பதைப் பார்த்திருக்கிறோம். திருத்தம், ரத்து ஆகியவற்றுக்கு இரண்டாவது கை வேண்டும்.

மூன்று: நிர்வாகி பாஸ்வேர்டு முதலாளியிடம். அன்றாட வேலைக்கு முதலாளியும் சாதாரணப் பெயரில்தான் நுழைய வேண்டும். நிர்வாகி பாஸ்வேர்டை எழுதி, உறையில் ஒட்டி, இரும்புப் பெட்டியில் வைக்கலாம். நமக்கு ஒன்று ஆகிவிட்டால் வீட்டார் தவிக்கக் கூடாது.

நான்கு: வெளியிலிருந்து நுழையும் வழியை எப்போதும் திறந்து வைக்கக் கூடாது. ரிமோட் டெஸ்க்டாப் போன்ற வழிகள் இன்டர்நெட்டில் திறந்து கிடப்பதால்தான், கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் கூட்டம் பல நிறுவனங்களில் புகுந்திருக்கிறது. பழுது பார்க்க வேண்டுமானால் நாம் திறந்து விட வேண்டும்; வேலை முடிந்ததும் மூட வேண்டும். என்ன செய்தார் என்று ஒரு நோட்டில் தேதியோடு எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும் அல்லது வாட்ஸ்அப்பிலாவது எழுதி அனுப்பச் சொல்ல வேண்டும். 2019-ல் இந்த ஒரு நோட்டு இருந்திருந்தால் பதினோரு நாள் வேதனை இல்லை.

ஐந்து: கம்பெனி தரும் திருத்தங்களை உடனே போட வேண்டும். 2017 மே 12 அன்று வான்னகிரை என்ற நச்சு நிரல் சுமார் 150 நாடுகளில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கம்ப்யூட்டர்களைப் பூட்டியது. இங்கிலாந்தில் அரசு மருத்துவமனைகளே திண்டாடின. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாப்ட் அதே ஆண்டு மார்ச் 14 அன்றே கொடுத்திருந்தது. போட்டவர்கள் தப்பினார்கள். விண்டோஸ் 7-க்குப் பொதுவான திருத்தங்கள் 2020 ஜனவரி 14-உடன் நின்றுவிட்டன. இன்னும் அதில் கணக்கு வைத்திருப்பவர்கள் தாழ்ப்பாள் இல்லாத கதவோடு இருக்கிறார்கள்.

ஆறு: பேக்கப் மூன்று பிரதிகள், இரண்டு வகைப் பொருள்களில், ஒன்று கடைக்கு வெளியே. ஒன்றாவது கம்ப்யூட்டரோடு இணையாமல் தனியாக இருக்க வேண்டும். இணைந்திருந்தால் அதையும் சேர்த்துப் பூட்டிவிடுவான். மாதம் ஒரு தடவை திறந்து பார்க்க வேண்டும். ஜி.எஸ்.டி. சட்டப்படி கணக்குகளை அந்த ஆண்டின் வருடாந்திர ரிட்டர்ன் கெடு தேதியிலிருந்து 72 மாதங்கள் வைத்திருக்க வேண்டும் என்பதை மறக்கக் கூடாது. "கம்ப்யூட்டர் போய்விட்டது" என்ற பதில் அதிகாரியிடம் செல்லாது.

ஏழு: வாரம் ஒரு தடவை பதிவேட்டைப் பார்க்க வேண்டும். கால் மணி நேரம் போதும். கம்பெனிச் சட்டப்படி பதிவான கம்பெனிகள், 2023 ஏப்ரல் 1-இல் தொடங்கிய நிதியாண்டிலிருந்து, ஒவ்வொரு திருத்தத்தையும் பதிவு செய்கிற, அந்தப் பதிவை அணைக்க முடியாத கணக்கு சாப்ட்வேரையே பயன்படுத்த வேண்டும் என்பது விதி. தனியார் உரிமை, கூட்டு வணிகக் கடைகளுக்கு அந்த விதி பொருந்தாது. ஆனால் நல்ல வழக்கத்துக்குச் சட்டம் வரும் வரை காத்திருக்க வேண்டுமா?

சில மறுப்புகள்

"பையன் இன்ஜினியரிங் படித்திருக்கிறான், அவன் பார்த்துக்கொள்வான்" என்பார்கள். பார்த்துக்கொள்ளட்டும். ஆனால் அவன் சென்னையிலோ பெங்களூரிலோ இருக்கிறான். கடையில் இருப்பது நாம்.

"இப்போதெல்லாம் கிளவுட் வந்துவிட்டது, சர்வரே வேண்டாம்" என்பார்கள். கருவியைப் பார்க்கும் பொறுப்பு மாறலாம். யார் உள்ளே வரலாம், எதைத் தொடலாம் என்று முடிவு செய்யும் பொறுப்பு நம்மைவிட்டுப் போகாது. அங்கேயும் ஐந்து பேரும் 'அட்மின்' என்று நுழைந்தால் அதே கதைதான்.

"ஆளுக்கொரு பாஸ்வேர்டு என்றால் வேலை தாமதமாகும்" என்பார்கள். முதல் வாரம் ஆகும். எடை போட்ட பிறகுதான் சரக்கு ஏற்ற வேண்டும் என்பதும் தாமதம்தான். அதற்காக எடை போடாமல் விடுகிறோமா? ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்?

"வேலையாட்கள் மனம் வருந்துவார்கள்" என்பதுதான் கடைசி மறுப்பு. நம் கடையில் தனிப் பெயர் கொடுத்த அன்று முதலில் கேட்டு வாங்கியவர் நம் கணக்குப்பிள்ளைதான். "இனிமே நான் போட்டது எதுன்னு எனக்கே தெரியும் அண்ணாச்சி" என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை. நாமும் வேறு எதுவும் கேட்கவில்லை.

சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள்

லைசென்ஸ் புதுப்பிப்பு, ஜி.எஸ்.டி., உணவுப் பாதுகாப்பு ஆகியவற்றுக்குச் சங்கத்தில் வகுப்பு நடத்துகிறோம். அதுபோலக் கம்ப்யூட்டர் நிர்வாகத்துக்கும் நான்கு ஞாயிற்றுக்கிழமை வகுப்பு நடத்த வேண்டும். உறுப்பினர்கள் ஒதுக்கிப் போட்ட பழைய கம்ப்யூட்டர்கள் ஐந்தாறு இருந்தால் போதும். முதலாளிகள் மட்டுமல்லாமல், கணக்குப்பிள்ளைகளும் பில் போடும் பிள்ளைகளும் வர வேண்டும். ஒரு கடையில் ஒருவருக்காவது பேக்கப்பைத் திறந்து பார்க்கவும் பதிவேட்டைப் படிக்கவும் தெரிந்திருக்க வேண்டும். பண மோசடி நேர்ந்தால் உடனே 1930 என்ற எண்ணுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பதையும் எல்லாக் கடைகளிலும் எழுதி ஒட்டச் சொல்லலாம். வகுப்பு தொடங்கினால் நம் பழைய கம்ப்யூட்டரைக் கொடுக்கத் தயாராக இருக்கிறோம். தம்பி மகளும் வந்து சொல்லிக் கொடுக்கச் சம்மதித்திருக்கிறாள்.

அதுவரை, இந்தக் கட்டுரையைப் படித்த அன்றே ஒரு காரியம் செய்யுங்கள். இரவு கடை சாத்தும் முன் சர்வர் முன்னால் உட்கார்ந்து, இந்தக் கம்ப்யூட்டரில் எத்தனை பெயர்கள் இருக்கின்றன, அவர்களில் யார் யார் இன்னும் நம்மிடம் வேலை பார்க்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். பெயர் ஒன்றுதான் இருந்தால், நாளைக்கே ஆளுக்கொன்றாகப் பிரியுங்கள். சங்கமும் விரைவில் ஆவன செய்யுமாக.